மூன்றாம் நாள் காலை ஆறு மணி: குடல் இணைப்புக் கசிவைக் கணிக்க ஒரு மாடல் கட்டிய அனுபவம்

குடலில் கெட்டுப்போன பகுதியை வெட்டி எடுத்தபின், மிஞ்சிய இரண்டு முனைகளையும் தையல் போட்டோ ஸ்டேப்ளர் அடித்தோ சேர்ப்பார்கள். சிலருக்கு அந்த இணைப்பு சரியாகக் கூடுவதில்லை. குடலில் இருப்பது வயிற்றறைக்குள் கசியத் தொடங்கும். வலப்பக்கப் பெருங்குடலில் இது நூற்றில் சிலருக்குத்தான். மலக்குடலில் இணைப்பு கீழே இறங்க இறங்க, நூற்றில் பத்தைத் தாண்டவும் கூடும். பெரும்பாலும் முதல் வாரத்தில் வெளியே தெரியும். சிலருக்கு வீட்டுக்குப் போன பிறகு. தெரிய வரும்போது சில நோயாளிகள் செப்சிஸில் (தொற்று முற்றி உறுப்புகள் பழுதாகும் நிலையில்) இருப்பார்கள்.

இங்கிலாந்தில் பெருங்குடல் அறுவை மருத்துவராக இருக்கும் என் அக்கா கணவர் கேட்டதுதான் இந்த வேலைக்கு ஆரம்பம். "ஆபரேஷன் முடிஞ்சு மூணாம் நாள் காலைல ரவுண்ட்ஸ் போறேன். இந்த ஆளை வீட்டுக்கு அனுப்பலாமா, ஸ்கேனுக்கு அனுப்பணுமா? உன் மெஷின் சொல்லுமா மாப்ள?" நான் மருத்துவன் இல்லை. டேட்டாபேஸ்தான் என் பிழைப்பு. ஆனால் கேள்வி நன்றாக வரையறுக்கப்பட்டிருந்தது: ஒரு குறிப்பிட்ட நாள், ஒரு குறிப்பிட்ட நேரம், இரண்டே முடிவுகள். இப்படி ஒரு கேள்வி கிடைப்பது அபூர்வம்.

முதலில் எதைத் தோற்கடிக்க வேண்டும் என்று பார்த்தேன். சிஆர்பி என்ற ஒரே ஒரு இரத்தச் சோதனைதான் எதிராளி. கல்லீரல் உண்டாக்கும் புரதம். எந்தப் பெரிய அறுவைக்குப் பிறகும் ஏறும். இரண்டாம் மூன்றாம் நாளில் உச்சம் தொட்டு இறங்க வேண்டும். இறங்காவிட்டால் உள்ளே ஏதோ நடக்கிறது. 2014-இல் சிங் என்பவரின் குழு 7 ஆய்வுகளில் இருந்து 2,483 நோயாளிகளைத் திரட்டி வரம்புகளைக் கணக்கிட்டது: மூன்றாம் நாள் லிட்டருக்கு 172 மில்லிகிராம், நான்காம் நாள் 124, ஐந்தாம் நாள் 144. இதற்குக் கீழே இருந்தால் கசிவு இல்லை என்று 97 விழுக்காடு நம்பலாம். மேலே இருந்தால்? அவர்களில் 21 முதல் 23 விழுக்காட்டினருக்குத்தான் உண்மையில் கசிவு. அதாவது 'இல்லை' என்று சொல்ல நல்ல சோதனை, 'இருக்கிறது' என்று சொல்ல மோசமான சோதனை. நான் கட்டப்போகும் மாடல் இதைவிட ஒரு படி மேலே போகாவிட்டால் அத்தானுக்கு அது தேவையே இல்லை.

அவருடைய மருத்துவமனைத் தரவை நான் தொட முடியாது, தொடவும் கூடாது. ஆகவே மிமிக்-4. பாஸ்டனில் உள்ள பெத் இஸ்ரேல் டீக்கனஸ் மருத்துவமனையின் அடையாளம் நீக்கப்பட்ட பதிவுகள் இவை, மருத்துவ ஆய்வுத் தரவுகளைப் பகிரும் ஃபிசியோநெட் தளத்தில் இருக்கின்றன. மனிதர்கள் தொடர்பான ஆய்வு நெறிமுறைப் பயிற்சி ஒன்றை முடித்து, ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டால் அனுமதி தருவார்கள். அனுமதிக்குக் காத்திருக்கும் நேரத்தில் சும்மா இருக்க வேண்டாம்: நூறு நோயாளிகள் கொண்ட மாதிரித் தொகுப்பு எல்லோருக்கும் திறந்தே இருக்கிறது. குவெரிகளை அதில் எழுதிச் சரிபார்த்துக்கொள்ளலாம். இன்னொன்று, இந்தத் தரவின் ஒரு வரியைக்கூட இணையத்தில் இருக்கும் சாட்பாட்டில் ஒட்டிக் கேள்வி கேட்கக் கூடாது. மூன்றாம் ஆளுக்குக் கொடுத்ததாகிவிடும். எல்லாம் என் லேப்டாப்பிலேயே ஓடியது. ஆய்வகச் சோதனை அட்டவணை மட்டும் பத்துக் கோடி வரிகளுக்கு மேல். பார்க்கே என்ற வடிவக் கோப்பாக மாற்றி, டக்டிபி என்ற தரவுத்தள மென்பொருளில் ஏற்றினால் சாதாரணக் கணினியே தாங்குகிறது.

அடுத்தது, யாரை எடுப்பது? 'குடல் அறுவை செய்தவர்கள்' என்று குறியீட்டை (நோய்க்கும் அறுவைக்கும் மருத்துவமனை போடும் ஐசிடி எண்ணை) வைத்து அள்ளினால், இணைப்பே இல்லாதவர்களும் வந்துவிடுவார்கள். ஹார்ட்மன் அறுவையில் பெருங்குடலின் கடைசிப் பகுதியான சிக்மாய்டை எடுத்துவிட்டு மேல்முனையை வயிற்றுத் தோலுக்கு வெளியே கொண்டுவருவார்கள், கீழ்முனையை மூடிவிடுவார்கள். அங்கே கசிவதற்கு இணைப்பே கிடையாது. இவர்கள் பெரும்பாலும் அவசர அறுவைக்காரர்கள், மிகவும் நோய்வாய்ப்பட்டவர்கள். உள்ளே விட்டால் 'அவசரமாக வந்தவருக்குக் கசிவு வராது' என்று மாடல் கற்றுக்கொள்ளும். பழைய ஐசிடி-9 குறியீட்டில் இதைப் பிரிப்பது ஓரளவு எளிது: 48.63 என்றால் மலக்குடல் முன்பகுதி நீக்கம், 48.62 என்றால் அதோடு கொலஸ்டமியும் (பெருங்குடலைத் தோலுக்கு வெளியே திறந்துவிடுவது). ஐசிடி-10-இல் இணைப்பைப் போடுவதற்குத் தனிக் குறியீடே இல்லை. வெட்டியெடுக்கும் அறுவையின் ஒரு பகுதியாகவே அதை எண்ணுகிறார்கள். எனவே எதிர்த் திசையில் போனேன்: குடல் நீக்கக் குறியீடும், அதே நாளில் குடலைத் தோலுக்குக் கொண்டுவரும் குறியீடும் சேர்ந்திருந்தால் தனியே வை. அதிலும் சிறுகுடலைத் திருப்பிவிடும் இலியோஸ்டமிக்காரர்களை வெளியே தள்ளக் கூடாது. தாழ்வான இணைப்பைப் பாதுகாக்கத்தான் அது போடப்படுகிறது. அவர்களுக்குத்தான் கசிவு அபாயமும் அதிகம்.

இப்போது லேபிள், அதாவது யாருக்குக் கசிவு, யாருக்கு இல்லை என்று மாடலுக்குக் கற்றுக்கொடுக்கும் விடை. இந்த வேலையின் முக்கால் பங்கு இதில்தான் போனது, போக வேண்டியதும்தான்.

இணைப்புக் கசிவுக்கென்று தனிக் குறியீடு இல்லை. ஐசிடி-10-இல் அது கே91.89-க்குள் விழுகிறது: 'செரிமான மண்டலத்தின் பிற அறுவைக்குப் பிந்தைய சிக்கல்கள்'. அதே பெட்டிக்குள்தான் அறுவைக்குப் பின் குடல் சில நாள் அசையாமல் நிற்கும் இலியஸும் விழுகிறது. இலியஸ் மிக மிகச் சாதாரணம். மூக்குவழிக் குழாய் போட்டுக் காத்திருந்தால் பெரும்பாலும் தானாகச் சரியாகும். கசிவு உயிருக்கு ஆபத்து. இரண்டுக்கும் ஒரே குறியீடு என்றால், அந்தக் குறியீட்டை வைத்துப் பயிற்றுவித்த மாடல் எதைக் கணிக்கிறது? பெரும்பாலும் இலியஸை. ஐசிடி-9-லும் இதே கதைதான்: 997.49, கூடவே 560.1 இருந்தால் இலியஸ். இந்தத் துணைக் குறியீடுகளை வைத்து (ஐசிடி-10-இல் கே56.7) கொஞ்சம் பிரிக்கலாம். ஆனால் கசிவால் இலியஸ் வந்தவருக்கு இரண்டுமே இருக்கும். பிரித்தால் அவரை இழப்போம்.

அதனால் குறியீட்டை வடிகட்டி மாதிரி மட்டும் வைத்துக்கொண்டு, ரேடியாலஜி அறிக்கைகளுக்கும் டிஸ்சார்ஜ் சுருக்கங்களுக்கும் போனேன். மிமிக்கில் இவை தனித் தொகுப்பாகக் கிடைக்கின்றன. 'லீக்' என்ற சொல்லைத் தேடினால் கொட்டுகிறது. பாதிக்கு மேல் 'லீக் இருப்பதற்கான அறிகுறி இல்லை'. அப்புறம் நெஞ்சுக் குழாயில் காற்று லீக், பித்த லீக், அறுவையின்போதே குடலுக்குள் காற்றடித்துப் பார்த்து 'லீக் டெஸ்ட் நெகட்டிவ்' என்று எழுதியது. மறுப்புச் சொற்களைக் கண்டுபிடிக்க நெக்எக்ஸ் என்ற எளிய விதிமுறை 2001-இலிருந்தே இருக்கிறது. அதையே நாலைந்து விதிகள் கூட்டி எழுதினேன், போதுமானதாக இருந்தது. 'கசிவை நிராகரிக்க முடியாது' என்று ரேடியாலஜிஸ்ட் எழுதும் வரிகளுக்கு மட்டும் எந்த விதியும் உதவவில்லை. அவற்றைக் கண்ணால் படித்துத்தான் ஆக வேண்டும்.

ஒரு ஓட்டையை அடைக்கவே முடியாது. வீட்டுக்குப் போய், காய்ச்சல் வந்து, பக்கத்தில் இருக்கும் வேறொரு மருத்துவமனையில் சேர்ந்தவர் இந்தத் தரவில் 'கசிவு இல்லாதவர்'. அவரைத் தேட வழியில்லை.

யாருக்குக் கசிவு என்பது ஓரளவு தெரிந்தபின், எப்போது தெரிய வந்தது என்ற கேள்வி. நோய்க் குறியீடுகளுக்கு நேரமே கிடையாது. வீட்டுக்குப் போன பிறகு பில்லுக்காக எழுதப்படுபவை. மூன்றாம் நாள் காலை ஆறு மணிக்குக் கணிப்பு என்றால், ஆறு மணிக்கு முன் கசிவு கண்டுபிடிக்கப்பட்டவரை வெளியே எடுக்க வேண்டும். ஏற்கெனவே தெரிந்ததைக் கணிக்க மாடல் வேண்டியதில்லை. இதற்கு மூன்று நேரங்களை எடுத்தேன்: கசிவு என்று சொன்ன முதல் சிடி அறிக்கை, வயிற்றுக்குள் குழாய் விட்டுச் சீழ் எடுத்த நாள், மறு அறுவை நடந்த நாள். மூன்றில் முந்தியது எதுவோ அதுவே கசிவு தெரிந்த நேரம். அறுவைகளுக்குத் தேதி மட்டும்தான் இருக்கிறது, மணி இல்லை. எனவே 'மூன்றாம் நாள்' என்பது இங்கே காலண்டர் நாள்.

ஆய்வக முடிவுகளில் இரண்டு நேரங்கள் இருக்கும்: இரத்தம் எடுத்த நேரம், முடிவு கணினியில் பதிந்த நேரம். காலை ஐந்தரைக்கு எடுத்த இரத்தத்தின் முடிவு ஏழு மணிக்கு வரலாம். ஆறு மணிக் கணிப்பில் அது இருக்கக் கூடாது. பதிந்த நேரத்தைத்தான் எடுக்க வேண்டும். இன்னொரு சின்ன விஷயம், ஆனால் நிறைய தரவைக் காப்பாற்றியது: அறுவைக்கு முந்தைய ஆல்புமின் (இரத்தத்தில் உள்ள ஒரு புரதம்) பல நேரம் வெளிநோயாளியாக வந்தபோது எடுக்கப்பட்டிருக்கும். அந்த வரிகளில் அட்மிஷன் எண் காலியாக இருக்கும். அட்மிஷன் எண்ணை வைத்து இணைத்தால் எல்லாம் காணாமல் போகும். நோயாளி எண்ணையும் தேதியையும் வைத்து இணைத்தால் திரும்பக் கிடைக்கும். ஆல்புமின் குறைவு கசிவுக்குத் தெரிந்த அபாயக் காரணி, விடக் கூடாது.

விட வேண்டி வந்தது நாடித்துடிப்பு. மிமிக்கில் ஐசியூவில் எடுத்த நாடி, இரத்த அழுத்தம் எல்லாம் ஏறக்குறைய மணிக்கொரு முறை இருக்கின்றன. வார்டில் நர்ஸ் எடுத்தவை இல்லை. அத்தானிடம் சொன்னபோது அவருக்குக் கிட்டத்தட்ட சிரிப்பே வந்துவிட்டது. "நான் முதல்ல பாக்குறதே அதைத்தானேப்பா. பேஷன்ட் நல்லா இருக்கேன்னு சொல்வாரு, நாடி 110 ஓடும். அப்பவே வயித்துல புளியைக் கரைக்கும்." ஐசியூக்காரர்களை மட்டும் எடுத்தால் நாடி கிடைக்கும், கேள்வி மாறிவிடும். எனவே நாடி இல்லாமலே போனோம்.

சரி, மாடல். லாஜிஸ்டிக் ரிக்ரஷன் (பழைய, எளிய புள்ளியியல் முறை) ஒன்று, எக்ஸ்ஜிபூஸ்ட் (பல முடிவு மரங்களைச் சேர்க்கும் இயந்திரக் கற்றல் முறை) ஒன்று. உள்ளீடுகள்: வயது, பால், அவசர அனுமதியா, அறுவை வகை, லேப்பராஸ்கோப்பியா, ஸ்டீராய்டு, ஆல்புமின், அறுவைக்குப் பிந்தைய ஒவ்வொரு நாளின் வெள்ளையணு, கிரியேட்டினின் (சிறுநீரகம் தளர்ந்தால் ஏறும்), பைகார்பனேட், லாக்டேட் (திசுக்களுக்கு ஆக்ஸிஜன் போதாதபோது ஏறும்), சிஆர்பி. நோயாளி வாரியாகப் பிரித்தேன். ஒரே ஆள் இரண்டு அட்மிஷனில் வந்து பயிற்சியிலும் தேர்விலும் உட்காரக் கூடாது.

எண் மிக நன்றாக வந்தது. எண் என்றால் ஏயுசி: கசிவுள்ளவரை இல்லாதவருக்கு மேலே வரிசைப்படுத்தும் திறன், முழுமை என்றால் ஒன்று. சிஆர்பி ஆய்வுகளில் வந்த எண்ணைவிட நன்றாக. ஆனால் எந்த உள்ளீடு இதைத் தூக்குகிறது என்று பார்த்தால் சிஆர்பியும் லாக்டேட்டும் மேலே நின்றன. இங்கிலாந்தில் சிஆர்பி தினமும் எடுப்பது வழக்கம். இந்தப் பாஸ்டன் தரவில் அறுவை நோயாளிகளில் மிகச் சிலருக்குத்தான் சிஆர்பி இருக்கிறது. யாருக்கு எடுத்தார்கள்? மருத்துவருக்குச் சந்தேகம் வந்தவருக்கு.

உடனே சோதனைக்காக இன்னொரு மாடல்: எல்லா முடிவுகளின் மதிப்பையும் அழித்துவிட்டு, 'எடுத்தார்களா, இல்லையா' என்ற ஒன்று, பூஜ்ஜியம் மட்டும் வைத்து. இரத்தத்தில் என்ன இருந்தது என்றே தெரியாத அந்த மாடல், முழு மாடலுக்கு மிக அருகில் வந்து நின்றது. மாடல் படித்தது நோயாளியின் உடலை விட மருத்துவரின் சந்தேகத்தை. இரவு இரண்டு மணிக்கு லாக்டேட் எழுதியவருக்கு ஏற்கெனவே தெரியும், ஏதோ சரியில்லை என்று. அவரிடமே திரும்பிப் போய் 'ஏதோ சரியில்லை' என்று சொல்வதில் என்ன பயன்?

இது புதிதாகக் கண்டுபிடித்த விஷயம் இல்லை. அக்னியல், கோஹேன், வெபர் மூவரும் பாஸ்டனின் வேறு இரண்டு மருத்துவமனைகளின் பதிவுகளை ஆராய்ந்து 2018-இல் பிஎம்ஜே இதழில் எழுதியிருக்கிறார்கள். 272 சோதனைகளில் 233-இல், முடிவைப் பார்க்காமலே, அந்தச் சோதனை எழுதப்பட்டது என்பது மட்டுமே நோயாளி உயிர் பிழைப்பதோடு தொடர்பு காட்டியது. 174 சோதனைகளில் 118-இல், எந்த நேரத்தில் எடுக்கப்பட்டது என்ற தகவல் முடிவின் அளவை விட நன்றாகக் கணித்தது. படித்திருந்தேன்தான். என் திரையில் பார்க்கும்போது வேறு மாதிரி உறைக்கிறது.

என்ன செய்வது? ஒரு பக்கம் இதை அப்படியே வைத்துக்கொள்ளலாம் என்ற வாதம் இருக்கிறது. மருத்துவரின் சந்தேகமும் தகவல்தானே. ஆனால் இந்த மாடலை இங்கிலாந்துக்குக் கொண்டுபோனால், அங்கே எல்லோருக்கும் சிஆர்பி எடுப்பார்கள், எல்லோரும் சந்தேகத்துக்குரியவர்களாகத் தெரிவார்கள். எனவே கறாராக வெட்டினேன். சந்தேகத்தின் பேரில் எழுதப்படும் சோதனைகள் எல்லாம் வெளியே: லாக்டேட், சிஆர்பி, இரத்தக் கல்ச்சர். அநேகமாக எல்லோருக்கும் காலையில் எடுக்கும் இரத்த எண்ணிக்கையும் உப்புகளும் மட்டும் உள்ளே. அதிலும் காலை நேரச் சுற்றில் எடுத்தவை மட்டும்; இரவு நடுவில் எடுத்தவை வேண்டாம்.

எண் விழுந்தது. நன்றாகவே விழுந்தது. மிஞ்சியதில் உபயோகமாக நின்றவை: தாழ்வான இணைப்பு, ஆண் என்பது (இடுப்பெலும்பு குறுகல், உள்ளே வேலை செய்யக் கஷ்டம்), ஆல்புமின் குறைவு, முதல் நாளிலிருந்து மூன்றாம் நாளுக்குள் வெள்ளையணு இறங்காமல் இருப்பது, கிரியேட்டினின் ஏற்றம். அத்தான் பட்டியலைப் பார்த்து, "இது எனக்கே தெரியுமே" என்றார். அது எனக்குப் பாராட்டாகத்தான் பட்டது. அவருக்குத் தெரியாத ஒன்று மேலே வந்திருந்தால் இன்னொரு வாரம் அது எங்கிருந்து கசிந்து வந்தது என்று தேடியிருப்பேன்.

இந்த நிலையில் எக்ஸ்ஜிபூஸ்டுக்கும் லாஜிஸ்டிக் ரிக்ரஷனுக்கும் சொல்லும்படி வித்தியாசம் இல்லை. 2019-இல் கிறிஸ்டோடூலோ குழு 71 ஆய்வுகளை ஒப்பிட்டுச் சொன்னதும் இதுதான்: ஒழுங்காக நடத்தப்பட்ட ஒப்பீடுகளில் இயந்திரக் கற்றல் லாஜிஸ்டிக் ரிக்ரஷனை முந்தவில்லை. விளக்கிச் சொல்ல எளிது என்பதால் லாஜிஸ்டிக்கையே வைத்துக்கொண்டேன். கசிவு வந்தவர்கள் குறைவு என்று ஸ்மோட் என்ற முறையைப் போட்டு அவர்களைச் செயற்கையாகப் பெருக்கும் பழக்கம் ஒன்று இருக்கிறது. தொடவில்லை. வரிசைப்படுத்தும் திறன் அதனால் கூடுவதில்லை, அபாய எண்கள்தான் ஊதிப்போகின்றன. ஐந்து விழுக்காடு அபாயம் உள்ளவரிடம் 'உங்களுக்கு முப்பது' என்று சொல்லும் மாடல் யாருக்கு வேண்டும்?

எந்த அபாயத்துக்கு மேல் அலாரம் அடிப்பது, அந்த வரம்பை எங்கே வைப்பது என்று அத்தானோடு ஒரு கணக்குப் போட்டோம். 200 நோயாளிகள், அதில் 10 பேருக்குக் கசிவு என்று வைத்துக்கொள்வோம். கசிவுள்ளவர்களில் 80 விழுக்காட்டினரைப் பிடிக்கும், இல்லாதவர்களில் 80 விழுக்காட்டினரைச் சரியாக விட்டுவிடும் மாடல் ஒன்று. 8 பேரைப் பிடிக்கும்; கூடவே 38 பேருக்கு வீண் அலாரம். 46 அலாரத்தில் 8 உண்மை. விட்டுவிட்ட 154 பேரில் 2 பேருக்குக் கசிவு. கிட்டத்தட்ட 99 விழுக்காடு பாதுகாப்பு என்று விளம்பரம் செய்யலாம். ஆனால் மாடலே இல்லாமல் கண்ணை மூடிக்கொண்டு 'எல்லோருக்கும் இல்லை' என்றாலே 95 வருகிறது. 46 பேருக்குச் சிடி எடுக்க முடியுமா என்று கேட்டேன். "சிடிக்கு அனுப்ப மாட்டேன். ஆனா அந்த 46 பேரையும் அன்னிக்கு வீட்டுக்கு அனுப்பாம, மறுநாள் இன்னொரு ரத்தம் எடுப்பேன்" என்றார். கேள்வி அங்கே மாறியது. ஸ்கேனா வீடா என்று தொடங்கியது, 'யாரை ஒரு நாள் கூட வைத்திருப்பது' என்று ஆனது. வரம்பை அதற்கேற்பக் கீழே இறக்கினேன்.

காலத்தால் பிரித்தும் பார்த்தேன். மிமிக்கில் ஒவ்வொருவரின் தேதியும் வெவ்வேறு அளவு நகர்த்தப்பட்டு 2100-களில் கிடக்கும். உண்மை ஆண்டு மூன்றாண்டுத் தொகுதியாக மட்டும் தெரியும். முந்தைய தொகுதிகளில் பயிற்றுவித்து, பிந்தையதில் சோதித்தால், நடுவில் 2015 அக்டோபர் வந்து குறுக்கே நிற்கிறது: அமெரிக்கா ஐசிடி-9-ஐ விட்டு ஐசிடி-10-க்கு மாறிய மாதம். குறியீட்டால் மட்டும் செய்த லேபிளில் கசிவு விகிதம் அங்கே ஒரு படி தாவியது. அறிக்கைகளைப் படித்துச் செய்த லேபிளில் அந்தத் தாவல் பெரும்பாலும் மறைந்தது. லேபிளுக்குச் செலவழித்த நேரத்துக்குக் கிடைத்த சான்று அது.

வெளி மருத்துவமனையில் இன்னும் சோதிக்கவில்லை. அதற்கு முன் இதை யார் வார்டிலும் ஓடவிடும் எண்ணம் இல்லை. அமெரிக்காவில் நூற்றுக்கணக்கான மருத்துவமனைகளில் ஓடிய செப்சிஸ் மாடல் ஒன்றை மிச்சிகன் பல்கலைக்கழகத்தார் தங்கள் நோயாளிகளிடம் சோதித்து 2021-இல் வெளியிட்டபோது ஏயுசி 0.63 மட்டுமே வந்தது. அரை என்றால் நாணயம் சுண்டுவதற்குச் சமம்.

இப்போது ஓடும் வேலை 'நிராகரிக்க முடியாது' அறிக்கைகள். அத்தானும் பயிற்சியை முடித்துத் தனியே அனுமதி வாங்கிவிட்டார். என் பயனர் கணக்கில் அவர் நுழையக் கூடாது. இருவரும் ஒருவர் லேபிளை மற்றவர் பார்க்காமல் படிக்கிறோம். அதிகம் முட்டிக்கொள்வது, இணைப்புக்குப் பக்கத்தில் சீழ்க்கட்டி இருந்து, கசிவு நேரடியாகத் தெரியாத அறிக்கைகளில். நான் 'இல்லை' என்று போடுவேன், அவர் 'ஆம்' என்பார். மலக்குடல் புற்றுக்கான சர்வதேச ஆய்வுக் குழு 2010-இல் தந்த வரையறைப்படி இணைப்பை ஒட்டிய இடுப்புச் சீழ்க்கட்டியும் கசிவுதான். எனவே அவர் பக்கமே நியாயம். ஆனால் அந்த வரையறை மலக்குடலுக்கு எழுதப்பட்டது. வலப்பக்கப் பெருங்குடலுக்கும் அதையே பயன்படுத்துவதா என்பதில் இன்னும் முடிவுக்கு வரவில்லை. அதுவரை அந்த வரிகளுக்கு மூன்றாவதாக ஒரு லேபிள் போட்டு, பயிற்சியிலிருந்து தள்ளி வைத்திருக்கிறேன்.